குங்குமம் வைத்த பிலிம் ஹோல்டர்

வெங்கிட்டுவுக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் கல்லும் கரையும். கொச்சி மட்டாஞ்சேரி மட்டும் கரையவில்லை. அதற்கு ஏலக்காய் விலையைக் கவனிக்க வேண்டியிருந்தது.

கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், தாத்தா காலத்திலிருந்து இருக்கிற ஓட்டு வீட்டில், அம்மா கற்பகத்தோடு அவன் இருந்தான். பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஜெர்மனிக்காரன் மோந்து பார்ப்பதற்காக மிளகைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும் பிரிவு. பிரிவின் தலைவனும் அவன்தான், தொண்டனும் அவன்தான். பெண் வீட்டார் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். பையன் வெளிநாடு போவானா, சொந்தமாக பிளாட் உண்டா, அம்மா கூடவே இருப்பாளா. மூன்றுக்கும் அவனிடம் உண்மையான பதில் இருந்தது. உண்மையைச் சொல்லி யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது?

மற்றவர்களாக இருந்தால் இந்தத் துயரத்தில் தாடி வளர்த்திருப்பார்கள். வெங்கிட்டு கேமரா கட்டினான்.

யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் விற்கும் ஒரு சேட்டன், பேன் காற்றில் பில் பறக்காமலிருக்க ஒரு பித்தளை லென்ஸை மேலே வைத்திருந்தார். அதைக் கண்ட நொடியில் வெங்கிட்டுவின் வாழ்க்கை திசை மாறியது. பெண்ணைப் பார்த்து மாறியிருக்க வேண்டியது. கிடைத்ததைப் பார்த்து மாறியது. தேயிலைப் பெட்டியின் பிளைவுட்டை அறுத்து கேமராவுக்கு உடம்பு செய்தான். கிழிந்த குடைகளின் கறுப்புத் துணியை மடித்து மடித்து ஒட்டி, முன்னும் பின்னும் நகரும் துருத்தி செய்தான். ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை வாங்கி வந்து, குறிபார்க்கப் பின்னால் வைக்கும் கண்ணாடியை மணிக்கணக்காகத் தேய்த்து மங்கலாக்கினான். அந்தக் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரிந்தது. அதைப் பார்த்த கற்பகம், "இதுக்கா இத்தனை பாடு? நம்மாத்துல எல்லாம் அப்படித்தானேடா இருக்கு" என்றாள்.

எல்லாருடைய சட்டைப்பையிலும் மூன்று கண் வைத்த போன் இருக்கிற காலத்தில், மடியில் தூக்கி வைத்தால் முகம் மறைகிற அளவுக்கு ஒரு பெட்டி. அதில் அவனுக்கு மிகப் பெருமை தந்தது பிலிம் ஹோல்டர்கள்தான். தட்டையான மரச்சட்டம். உள்ளே ஒரே ஒரு பிலிம். மேலே இழுத்து மூடுகிற அலுமினியத் தகடு. வெளிச்சம் கசியாமலிருக்க விளிம்பில் வெல்வெட். அது கற்பகத்தின் நகைப்பெட்டிக்குள் இருந்த வெல்வெட் என்பது அவளுக்குப் பிற்பாடு தெரிந்தது. ஹோல்டரைக் கேமராவின் முதுகில் செருக வேண்டும், தகட்டை உருவ வேண்டும், படம் எடுக்க வேண்டும், தகட்டை மறுபடி மூட வேண்டும், கழற்றி அடுத்ததைச் செருக வேண்டும். இப்படி ஆறு ஹோல்டர். "கேமரா ஒண்ணுதான். ஹோல்டரை மாத்திண்டே போகலாம்" என்று கம்பெனியில் எல்லாரிடமும் சொன்னான். அவர்கள் அவனை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தார்கள்.

பிலிம் என்பது எக்ஸ்ரே பிலிம். ஒரு ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டருக்கு மாறியபோது வேண்டாம் என்று ஒதுக்கிய கடைசிப் பெட்டியைக் கெஞ்சி வாங்கி வந்தது. அது சிவப்பு வெளிச்சத்துக்குப் பயப்படாது என்பதால், வீட்டில் இருந்த ஒரே பாத்ரூமில் சிவப்பு பல்பு மாட்டி, ஜன்னலைக் குடைத்துணியால் அடைத்துவிட்டான். அது முதல் கற்பகம் சிவப்பு வெளிச்சத்தில்தான் குளித்தாள். ஒவ்வொரு காலையிலும் ஏதோ பேய்க்கதையின் நடுவில் பல் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் புலம்பினாள்.

கேமராவுக்கு ஷட்டர் கிடையாது. லென்ஸின் மூடியைக் கழற்றி, எண்ணி, மூட வேண்டும். வெங்கிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவன் இல்லை. தினமும் ஆசமனம் செய்யும்போது சொல்லும் பன்னிரண்டு நாமங்கள்தான் அவனுடைய கடிகாரம். முற்றத்து வெயிலில் கேசவா, நாராயணா போதும். தாழ்வாரத்து நிழலில் கோவிந்தா வரை. ஹாலுக்குள் என்றால் தாமோதரா வரைக்கும் போயாக வேண்டும். பகவானை இப்படி வேலைக்கு அமர்த்தியவன் அந்தச் சந்தில் அவன் ஒருவன்தான்.

படம் எடுத்த ஹோல்டருக்கு அடையாளம் வேண்டுமே. எடுத்த பிலிமும் எடுக்காத பிலிமும் கழுவும்வரை பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த வீட்டில் புது மிக்ஸிக்கும் குங்குமம், புது காஸ் சிலிண்டருக்கும் குங்குமம். அந்தப் பழக்கத்தில், எடுத்து முடித்த ஹோல்டருக்கு ஒரு பொட்டு வைத்தான். பொட்டு இருந்தால் படம் ஆயிற்று. இல்லாவிட்டால் பிலிம் காலி. உலகத்தில் எந்த நிபுணருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது. தோன்றாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு.

நவராத்திரிக்கு முந்தின வாரம், எதிர்வீட்டு மாயம்மாளின் வெள்ளை ஆடு ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஏறி நின்று தேர்தல் போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. ஆடு அசையவில்லை. தின்னும்போது அசையாத ஆடு கலைஞனுக்குக் கிடைத்த வரம். கிட்டே போய், முகம் கண்ணாடி முழுக்க நிறையும்படி எடுத்து, ஹோல்டருக்குப் பொட்டு வைத்தான். அதைக் கழுவுவதற்குள் வீட்டில் இடி விழுந்தது. நல்ல இடி.

தன்யாவின் வீட்டார் வருவதாகச் செய்தி. பூர்விகம் பாலக்காடு, இருப்பது களமசேரி. வயது முப்பத்தாறு. பல்கலைக்கழக லேபில் வேலை. வெளிநாடு கேட்கவில்லை, பிளாட் கேட்கவில்லை, அம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. ஜாதகம் பொருந்தியிருந்தது. அவளுடைய அப்பா ஷங்கர், தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், விஜயதசமியன்று வீடு பார்க்க வருகிறார். அவர் தலையை ஆட்டிவிட்டால் கல்யாணம். ஆட்டாவிட்டால் வெங்கிட்டு இனி காலம் முழுக்க ஆடுகளைத்தான் படம் எடுக்க வேண்டும். இதைக் கற்பகமே அவனிடம் சொன்னாள், வேறு வார்த்தைகளில், மூக்கைச் சிந்தியபடி.

"இது தப்பினா வேற கிடையாதுடா. அந்தக் கேமராவைப் பத்தி வாயைத் திறக்கப்படாது. கேட்டியோ?"

"அவா கேட்டாளானா?"

"கேக்க மாட்டா. நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட விதம் இது. அஷ்டமியன்று புத்தகம், ஆயுதம் எல்லாம் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. கேமராவும் ஆயுதம்தானே. பூஜை அலமாரியின் நடுவில் அதை ஏற்றி வைத்து, பக்கத்தில் ஹோல்டர்களையும் அடுக்கி, பட்டு வேஷ்டி சார்த்தி, செவ்வந்தி மாலையும் போட்டுவிட்டாள். வேஷ்டி மடிப்பின் நடுவே லென்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

விஜயதசமியன்று வந்தவர்களில் முதலில் பூஜை அலமாரிக்குப் போனது பெண்ணின் அம்மா மீனாக்ஷி மாமி. பார்த்ததும் விழுந்து நமஸ்காரம் பண்ணி, கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எந்த ஸ்வாமி மாமி இது? ஒத்தைக் கண்ணா இருக்கே?"

"குலதெய்வமாக்கும்" என்றாள் கற்பகம், கண் இமைக்காமல்.

"கேமரா மாமி" என்றான் வெங்கிட்டு.

கற்பகத்தின் நெஞ்சில் எத்தனை ஈட்டிகள் பாய்ந்தன என்பதை விவரித்தால் இந்தப் பக்கம் நனைந்துவிடும். தன்யா முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஷங்கர் மாமா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கிட்டே வந்து, பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ பண்ணினதாடா? இது படம் எடுக்குமா, இல்லே முட்டை போடுமா?"

"எடுக்கும் மாமா."

"எடு பாக்கலாம். போர்மேன்கிட்டே வாய்ப்பந்தல் போடப்படாது."

வெங்கிட்டு சந்தோஷமாக ஹோல்டர்களை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். ஆறு ஹோல்டருக்கும் சந்தனம். ஆறுக்கும் நடுவே குங்குமம்.

"அம்மா, இது யார் வெச்சா?"

"நான்தான். ஒண்ணே ஒண்ணுக்குப் பொட்டு இருந்துது. மத்த அஞ்சும் பாவம், மூளியா நின்னுது. நாள்கிழமையும் அதுவுமா அப்படி விடலாமோ? எல்லாத்தையும் ஈரத்துணியால தொடைச்சு, அழகா வெச்சேன்."

ஆறில் ஒன்றில் ஆடு இருக்கிறது. எதில் என்று சொல்லக்கூடியது பிலிமைக் கழுவும் மருந்து மட்டும்தான். ஒரு புத்திசாலி அந்த இடத்தில், மாமா, இன்னொரு நாள் எடுக்கலாம் என்றிருப்பான். வெங்கிட்டு மூன்றாவது ஹோல்டரை உருவினான். ஐந்து பங்கு அதிர்ஷ்டம் தன் பக்கம் என்று கணக்குப் போட்டான். அதிர்ஷ்டம் அவன் பக்கம் இருந்திருந்தால் நாற்பத்தொரு வயதில் இந்த ஹாலில் ஏன் நிற்கிறான்?

ஷங்கர் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, மார்புவரை நெருக்கமாக வைத்துக் குறிபார்த்தான். "மாமா, மூச்சு விடலாம். கண்ணும் வாயும் அசையப்படாது." மூடியைக் கழற்றினான். கேசவா, நாராயணா, மாதவா என்று ஆரம்பித்தான். மாமியும் தன்னையறியாமல் கூடச் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்ரீதரா வரும்போது ஹாலே பஜனை மடமாகிவிட்டது. ஷங்கர் மாமா மட்டும் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய படம்போல விறைத்து உட்கார்ந்திருந்தார். தாமோதரா. மூடி விழுந்தது.

"எப்போ பாக்கலாம்?"

"இப்பவே கழுவிடறேன் மாமா."

"நானும் பாக்கட்டுமா?" என்றாள் தன்யா.

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் அவன் பின்னாலேயே போய்விட்டாள். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே இரண்டு தாய்மார்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமாகாத பெண், நிச்சயமாகாத பையன், பாத்ரூமுக்குள், சிவப்பு விளக்கில். போட்டோக்கலை என்று சொன்னால் ஊர் நம்பும், நன்றாக நம்பும்.

ஷங்கர் மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. அது தெரிந்தும் அவர் சொஜ்ஜி இரண்டு தட்டு சாப்பிட்டார், காப்பி இரண்டு டம்ளர் குடித்தார். இயற்கை சும்மா இருக்குமா? எழுந்து பாத்ரூம் கதவைத் தட்டினார்.

"மோளே, கதவைத் திற."

"இப்போ திறந்தா படம் போயிடும்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"படம் போனாப் போறது. எனக்கு வேற ஒண்ணு போயிண்டிருக்கு!"

உள்ளே தட்டில் மருந்தைக் குலுக்கிக்கொண்டிருந்த வெங்கிட்டுவுக்கு வேர்த்தது. "உங்ககிட்டே ஒண்ணு சொல்லணும்" என்றான் தன்யாவிடம். "இந்த ஆறு ஹோல்டர்ல ஒண்ணுல ஆடு இருக்கு."

"எந்த ஆடு?"

"எதிராத்து ஆடு."

பெண்ணிடம் தனியாகப் பேசும் முதல் வாய்ப்பில் ஒருவன் இப்படித் தொடங்கினான் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும். அதற்குள் பிலிமில் உருவம் எழும்ப ஆரம்பித்தது. முதலில் இரண்டு வளைவுகள். பிறகு ஒரு நீண்ட மூஞ்சி. அதன் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி இருந்தாலும் அவனுக்குப் படிக்கத் தெரியும். ஒரே பிலிமில் இரண்டு பேரும் விழுந்திருந்தார்கள். ஆட்டுக்குக் கண்ணாடி, மாமாவுக்குக் கொம்பு.

கதவு மறுபடி அதிர்ந்தது. வெங்கிட்டுவுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. படத்தை நிலைநிறுத்தும் பிக்ஸர் மருந்தில் இன்னும் போடவில்லை. இப்போது கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு பிலிம் கறுத்துவிடும். ஆடும் போகும், அவமானமும் போகும், மாமாவின் அவஸ்தையும் தீரும். கல்யாணம் பிழைக்கும். அவன் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"என்ன பண்றேள்?" என்றாள் தன்யா.

"திறந்துடறேன். இதை உங்கப்பா பாத்தா எல்லாம் போச்சு."

அவள் தட்டின் மேல் குனிந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் பதறினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "பத்து வருஷமா அப்பா எனக்கு மாப்பிள்ளை பாக்கறார். ஒருத்தன்கூட அவரை வாய் திறக்காம உக்கார வெச்சதில்லை. பிக்ஸர் எது? இதுவா?" பிலிமைத் தானே எடுத்து அடுத்த தட்டில் போட்டாள். பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா, எதிராத்துக்குப் போயிட்டு வாங்கோ!"

ஷங்கர் மாமா போனார். மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் ஒரு அவசரத்துக்கு வழியில்லாமல், கற்பகம் வழிகாட்ட, பட்டுக்கரை வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்தார். மாயம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சந்து முனையில் துணி தேய்த்துக் கொடுப்பவள். "வாங்க அய்யா, கூச்சப்படாதீய, பின்னால இருக்கு" என்றாள். வாசலில் வெள்ளை ஆடு குறுக்கே நின்றது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

திரும்பி வரும்போது மாமாவின் முகத்தில் கோபம் இல்லை. உலகத்தை மன்னித்துவிட்ட சாந்தம் இருந்தது. முற்றத்துக் கொடியில் கிளிப் போட்டு நெகட்டிவ் காய்ந்துகொண்டிருந்தது. மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார்.

"பரவாயில்லையே. ஆனா மூஞ்சி ஒரு மாதிரி நீளமா இருக்கே?"

"நெகட்டிவ் அப்படித்தான் இருக்கும் மாமா" என்றான் வெங்கிட்டு. வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய். பலித்தும் விட்டது. மாமா தலையை ஆட்டப் போனார். கற்பகம் கைகூப்பினாள். அந்த நல்ல நேரத்தில்தான், விருந்தாளிக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்த மாயம்மாள் கொடிக்குக் கீழே நின்றாள்.

"ஏ, இது நம்ம வெள்ளையம்மாள்ல! கொம்பப் பாருங்க, இடது கொம்பு மொட்டையா இருக்கும். ஆமா, அதுக்கு எதுக்குக் கண்ணாடி போட்டிருக்கீய?"

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செருப்புச் சத்தம், கார் கதவுச் சத்தம், கற்பகத்தின் அழுகை. போகும்போது தன்யா மட்டும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காவியம் இருந்ததாகக் கற்பகம் சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது வெங்கிட்டுவின் அபிப்பிராயம்.

அப்புறம் களமசேரியிலிருந்து பேச்சே இல்லை. கற்பகம் கேமராவிடம் பேசுவதை நிறுத்தினாள். முன்பு திட்டவாவது பேசிக்கொண்டிருந்தாள். வெங்கிட்டு மிளகுப் பொட்டலத்தில் சுக்கு என்று சீட்டு ஒட்டினான். ஜெர்மனியிலிருந்து விசாரித்துக் கடிதம் வந்தது. தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"நான்தான். அப்பா கோபம் இன்னும் தீரலை" என்றாள் தன்யா.

"தெரியும். தப்பு என் பேர்லதான்."

"கல்யாணத்துல கோபம் இல்லை. போட்டோவுலதான் கோபம். ஒரு ஆட்டை எத்தனை அழகா எடுத்திருக்கான், என்னை எடுக்கத் தெரியலையேன்னு தினமும் சொல்றார். வேற ஹோல்டர்ல காலி பிலிம் இருக்கோ?"

வெங்கிட்டு யோசித்தான். ஆடு அகப்பட்டுவிட்டது. அப்படியானால் மீதி ஐந்தும் சுத்தம். "இருக்கு" என்றான்.

"அப்போ வாங்கோ. புது வேஷ்டி கட்டிண்டு ரெடியா இருக்கார். அவர் படம் சரியா வந்தாத்தான் மத்த பேச்சாம்."

இப்படியாக ஒரு மனிதனின் இல்லறம், மாமனாரின் முகவெட்டில் தொங்கியது. வெங்கிட்டு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு களமசேரி போனான். மெட்ரோவில் செக்யூரிட்டி, "இது எந்தா சேட்டா?" என்று கேட்டபோது, கூட வந்த கற்பகம் முந்திக்கொண்டு, "என் மாட்டுப்பொண்ணு" என்றாள். செக்யூரிட்டிக்குத் தமிழ் புரியவில்லை. நல்லதாயிற்று.

ஷங்கர் மாமா ஹாலில் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணி, பவுடர் போட்டு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஆடு என்று சொல்ல முடியாதபடி இருந்தார். அவர் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

"அசையப்படாது மாமா. என்ன ஆனாலும் பேசப்படாது."

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பார்."

தகட்டை உருவினான். மூடியைக் கழற்றினான். நாமங்கள் ஓடத் தொடங்கின. மாமாவின் கண் லென்ஸில் நிலைத்தது. முகத்தில் ஒரு கண்ணியம் வந்து உட்கார்ந்தது. அவருடைய கம்பெனியே பார்த்திராத கண்ணியம். மீனாக்ஷி மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாமங்கள் பாதி தாண்டியிருக்கும். அப்போது மாமாவின் உதடு திறந்தது.

"தையிலே ஒரு முகூர்த்தம் பாத்துடலாமா?"

ஹாலில் இருந்த யாருக்கும் அசையத் தோன்றவில்லை. கற்பகத்தின் கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது. எந்தக் கேள்விக்காக வெங்கிட்டு இத்தனை வருஷம் காத்திருந்தானோ, அந்தக் கேள்வி. அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. நாமங்கள் இன்னும் முடியவில்லையே.

"என்னடா, பதிலைக் காணோம்?" என்றார் மாமா. இந்தத் தடவை புருவமும் ஏறியது.

"அப்பா, அசையாதேங்கோ!" என்றாள் தன்யா.

"எல்லாத்துக்கும் சம்மதம்னு சொல்ல வந்தா இந்தப் பையன் மந்திரம் ஜபிக்கறான். பைத்தியமா இவன்? மீனாக்ஷி, இவனுக்குக் காது கேக்குமான்னு நன்னா விசாரிச்சியோ?"

தாமோதரா என்று வெங்கிட்டு முடித்தான். மூடியை வைத்தான். தகட்டை மூடினான். மூடின பிறகுதான் "பாக்கலாம் மாமா" என்றான்.

தையில் கல்யாணம் நடந்தது. பந்தலுக்கு வந்த போட்டோக்காரர்கள் ஆகாயத்திலிருந்துகூட எடுத்தார்கள்; அந்தப் படங்களை இன்றுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. களமசேரி வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது வெங்கிட்டு எடுத்த படம்தான். விபூதிப் பட்டை மூன்று கோடும் எண்ணலாம். கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறது. புது வேஷ்டியின் மடிப்புக்கூடக் கத்தி மாதிரி விழுந்திருக்கிறது. மூக்குக்குக் கீழே மட்டும், சம்மதமும் சந்தேகமும் திட்டும் ஒன்றாகக் குழைந்து, ஒரு வெள்ளைப் புகை.

ஷங்கர் மாமா அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றார். "வாயையே காணோமே" என்றார்.

மீனாக்ஷி மாமி முந்தானையால் கண்ணாடிச் சட்டத்தை ஒரு தடவை துடைத்தாள்.

"இதையும் மாப்பிள்ளையை மாத்தச் சொல்லிடாதேங்கோ" என்றாள். "இப்படி ஒரு படத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமா வேண்டிண்டிருந்தேன்."